சம்பளம் ஆசையைக் கொல்லுமா?

நடுவர் ஐயா அவர்களே! எதிரணியிலே பேசின அம்மா, வயித்துப்பாட்டுக்கு வேலைக்குப் போறவன் மனசுக்குப் பிடிச்சதைச் செய்ய முடியாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டாங்க. அம்மா, ராயவரத்துக்காரர் ஒருத்தர் இருந்தார், கேள்விப்பட்டிருப்பீங்க. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா! 1922-இல் பிறந்தவர். சென்னைக்கு வந்து சக்தி காரியாலயத்தில் கொஞ்ச நாள். அப்புறம் 1941-இல் இந்தியன் வங்கியில் சேர்ந்தார். ஓய்வு பெறும் வரை, ஏறக்குறைய நாற்பது வருஷம் அங்கேதான்!

பகலெல்லாம் வரவு செலவு. ஆனா 1944-லேயே 'மலரும் உள்ளம்' புத்தகமா வந்துடுச்சு ஐயா! நாம எழுதினா மட்டும் போதாதுன்னு 1950-இல் மத்தவங்களையும் கூட்டிச் சேர்த்து, குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கினார். ஓய்வு பெற்றதும் வீட்டில் சாய்ந்தாரா? 'கோகுலம்' பத்திரிகைக்குப் போனார். 1989 மார்ச் 16, சென்னைப் பல்கலைக்கழகத்தில், குழந்தை இலக்கியத்தைப் பாடமா வைக்கணும்னு பேசினார். அங்கேயே மயங்கி விழுந்தார். போயிட்டார்.

நானும் வங்கியிலதாங்க வேலை பார்க்கிறேன். பதினெட்டு வருஷம் ஆச்சு. என் பொண்ணு நாலு வயசில, "அப்பா, ஒரு கதை சொல்லுப்பா"ன்னு வருவா. "நாளைக்கு ஆடிட்டும்மா, போய்த் தூங்கு" என்பேன். இப்போ பத்து வயசு. கேட்கிறதை விட்டுட்டா. வங்கியா ஐயா அவளைத் தூங்கச் சொன்னது? நான்தானே?

மணி அடிச்சிட்டீங்க. கிளம்பறேன் ஐயா, அவ இன்னும் முழிச்சிருந்தாலும் இருப்பா.