வீதியே மேடை: வளரிளம் பருவமும் தெருக்கலையும்

ஒரு நகரத்தின் வளர்ச்சியை அளக்கச் சாலைகளின் நீளத்தையும் தொழிற்கூடங்களின் எண்ணிக்கையையும் காட்டுவது வழக்கம். அச்சாலையின் ஓரத்தில் நின்று ஆடியும் பாடியும் பிழைக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையை அந்நகரம் எப்பெயரிட்டு அழைக்கிறது என்பதும் வளர்ச்சிக்கு ஓர் அளவுகோலே ஆகும். கலைஞர் என்றா, இரவலர் என்றா, உழைப்பில் தள்ளப்பட்ட குழந்தை என்றா? சூட்டப்படும் பெயரைப் பொறுத்தே அப்பிள்ளைக்குப் பண்பாட்டுத் துறையின் கதவு திறக்கிறது. அல்லது காவல் நிலையத்தின் கதவு திறக்கிறது.

இக்கேள்வியை ஆராய்வதற்குப் பெங்களூர் பொருத்தமான களம். வளரிளம் பருவத்தினர் தெருக்கலைக்கு வந்து சேரும் மூன்று வழிகளையும் இந்நகரிலும் இதனை ஒட்டிய கருநாடக மாவட்டங்களிலும் காணலாம்.

பிறப்பால் வரும் கலை

முதல் வழி, பிறந்த குடியின் தொழில். கயிற்றின் மேல் ஆடுவோரின் பறையொலி குறுந்தொகையிலேயே உவமையாக இடம்பெறுகிறது. அத்துணைத் தொன்மையான கழைக்கூத்தைக் கருநாடகத்தில் தொம்பர் சமூகத்தார் வளர்த்து வந்தனர். நடக்கத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே குழந்தை கயிற்றில் ஏற்றப்படும். பதின்ம வயதில் அதுவே குடும்பத்தின் முதன்மை வருவாயாகிவிடும். ஆங்கில ஆட்சியின் 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம், ஊர்ஊராகச் சுற்றிப் பிழைத்த பல சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகளாகவே கருதியது. அச்சட்டம் 1952-இல் நீங்கிற்று. அது விதைத்த ஐயம் ஊரார் மனத்திலிருந்து அவ்வளவு விரைவில் நீங்கவில்லை.

துரத்தப்பட்டு வரும் கலை

இரண்டாம் வழி, வீட்டை இழந்தோர் வழி. பள்ளாரி மாவட்டத்துக் கல்லுகம்பத்தில் ஆண் குழந்தையாகக் கருதப்பட்டுப் பிறந்த மஞ்சம்மா ஜோகதி, பதின்ம வயதில் தம்மைப் பெண்ணாக உணர்ந்தார். 1970-களின் நடுவில் பெற்றோர் அவரை ஹுலிகெம்மன் கோயிலில் தெய்வத்துக்கு ஒப்புவித்தனர். அதன்பின் வீட்டில் அவருக்கு இடமில்லாமற் போயிற்று. இரந்துண்டு வாழ்ந்த நாள்களில் கொள்ளைக்கும் வன்கொடுமைக்கும் ஆளானார்; உயிரையே வெறுத்தார். அந்நிலையில் தாவணகெரெ பேருந்து நிலையத்தில் தந்தை பாட, மகன் தலையில் குடம் வைத்து ஆடிய காட்சி அவரை நிறுத்தியது. அவர்களிடமே அக்கலையைக் கற்றார். பின்னர்க் காளவ்வ ஜோகதியின் குழுவில் சேர்ந்து ஊர்தோறும் ஆடினார்.

எல்லம்மனின் திருவுருவைத் தாங்கிய குடத்தைத் தலையில் ஏந்தி ஆடும் இந்த ஜோகதி ஆட்டம், நெடுங்காலம் இரவலரின் ஆட்டமாகவே மதிக்கப்பட்டது. அதை ஆடியவர் 2019-இல் பெங்களூரிலுள்ள கருநாடக ஜானபத அகாதமியின் தலைவரானார். அப்பதவியில் அமர்ந்த முதல் திருநங்கை அவரே. 2021-ஆம் ஆண்டுக்குரிய பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தது. பேருந்து நிலையத்திலிருந்து அகாதமி வரையிலான இந்த வழி நாற்பது ஆண்டுக்கும் மேல் நீண்டது. அதைக் கடந்து வந்தவர் ஒருவர். இடையில் விழுந்தோர் எத்தனையோ பேர்.

விரும்பி ஏற்கும் கலை

மூன்றாம் வழி, விரும்பி ஏற்பது. 1975-இல் கருநாடகத்தில் தோன்றிய ‘சமுதாய’ என்னும் நாடக இயக்கம், மாணவர்களையும் உழைப்பாளர்களையும் தெருமுனைக்குக் கொண்டுவந்தது. பீகாரின் பெல்ச்சி சிற்றூரில் 1977-இல் தாழ்த்தப்பட்ட மக்கள் கொல்லப்பட்டதைப் பொருளாகக் கொண்ட அதன் ‘பெல்ச்சி’ நாடகத்திற்குத் திரையும் இல்லை, நுழைவுச் சீட்டும் இல்லை. அண்மைக் காலத்தில், 2020 நவம்பரில் சர்ச் வீதி சில மாதங்களுக்கு வாரஇறுதிகளில் வாகனங்களுக்கு மூடப்பட்டு, நடப்போருக்கு உரியதாயிற்று. கித்தார் ஏந்திய இளைஞர் அத்தகைய வீதியில் பாடினால் கூட்டம் கைதட்டுகிறது. அதே வீதியில் தொம்பர் சிறுமி கயிறு கட்டினால் கூட்டம் முகம் சுளிக்கிறது. இவ்வேறுபாடு கலையினால் வந்ததன்று. உடையினாலும் குடியினாலும் வந்ததாகும்.

சட்டத்தின் பார்வை

சட்டமும் இங்கே தெளிவாகப் பேசவில்லை. 1959-ஆம் ஆண்டுப் பம்பாய் இரத்தல் தடுப்புச் சட்டம், பாட்டு, ஆட்டம், குறிசொல்லல் ஆகியவற்றைச் சாக்காகக் கொண்டு பொருள் பெறுவதையும் இரத்தல் என்றே வகுத்தது. தில்லிக்கு நீட்டிக்கப்பட்டிருந்த அச்சட்டத்தின் முதன்மைப் பிரிவுகளைத் தில்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் செல்லாதனவாக்கியது. கருநாடகத்திற்கோ 1975-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையே காக்கிறது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுக்கிறது. 14 முதல் 18 வரையுள்ளோரை இடர்மிக்க தொழில்களிலிருந்து விலக்குகிறது. திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றில் நடிக்கும் குழந்தைக்கு நிபந்தனையுடன் விலக்களிக்கும் அச்சட்டம், சர்க்கசுக்கு அதனை மறுக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமோ 18 வயதுக்கு உட்பட்டவரை இரத்தலில் ஈடுபடுத்துவோர்க்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. அதில் ‘எந்தச் சாக்கினாலும்’ பிச்சை பெறுவது இரத்தலாகும். துண்டை விரித்து ஆடும் பிள்ளை பெறுவது பிச்சையா, கலைக்குரிய கூலியா? விடை, களத்தில் நிற்கும் அலுவலரின் மனத்தில்தான் பெரிதும் இருக்கிறது.

செய்யத் தக்கவை

ஆதலின் அலுவலர் முதலில் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. பிள்ளையின் வயது என்ன? கட்டாயத்தின்பேரில் ஆடுகிறதா? விழும் காசு யார் கைக்குப் போகிறது? மாலையில் ஆடும் பிள்ளை காலையில் பள்ளிக்குச் செல்கிறதா? இவற்றிற்கு விடை கண்டபின் எடுக்கும் நடவடிக்கையே காப்பாகும். காணாமல் எடுப்பது வெறும் துரத்தலாகும்.

வயது வந்த கலைஞர்க்கு இடமும் நேரமும் வகுத்துத் தருதல் அடுத்த கடமை. இலண்டன் சுரங்க இரயில் நிலையங்களில் உரிமம் பெற்ற இசைஞர்க்குக் குறித்த இடங்கள் ஒதுக்கும் முறை 2003-இல் தொடங்கியது. பெங்களூரிலும் 2013-இல் மகாத்மா காந்தி சாலை மெட்ரோ நிலையத்தை ஒட்டி ‘ரங்கோலி’ கலை மையம் திறக்கப்பட்டது. நகரம் மனம்வைத்தால் இடம் கிடைக்கும் என்பதற்கு அது சான்று.

பதின்ம வயதினர்க்கோ கல்வி முதன்மையானது. நாடோடிச் சமூகங்களுக்கென 2022 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ‘சீட்’ திட்டம், கல்விப் பயிற்சி, மருத்துவக் காப்பீடு, வாழ்வாதாரம், வீட்டுவசதி ஆகிய நான்கிற்கும் 2025-26 வரை ஐந்தாண்டுக்கு 200 கோடி ரூபாய் வகுத்தது. நிலையான முகவரி இல்லாத குடும்பத்திற்குச் சான்றிதழே முதல் தடை. அலுவலகத்தைத் தேடி அவர்கள் வருவதைவிட, கூடாரத்தைத் தேடி அலுவலகம் செல்வதே இத்தகைய திட்டங்கள் பயன்தரும் வழி.

கயிற்றின் மேல் நடப்பவருக்குக் கையிலுள்ள கோலே துணை. வளரிளம் கலைஞருக்குப் பள்ளியும் பரிவான சட்டமும் அக்கோலாக அமையவேண்டும். அவை அமைந்தபின், தெருவில் தொடர்ந்து ஆடுவதா, வேறு தொழிலை நாடுவதா என்பதை அவரே தம் விருப்பப்படி முடிவு செய்யட்டும்.