மேலாளும் கணக்கும்



இவ்வட்டாரத்து நகரத்தார் முற்காலத்தில் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்தினர். முதலாளி ஊரில் இருக்க, மேலாள் மூன்றாண்டுத் தவணையில் கடல் கடந்து சென்று பெரும்பணத்தைக் கையாண்டார். அந்த நம்பிக்கைக்குத் துணை நின்றவை இரண்டு: ஒன்று, தவறாமல் ஊருக்கு வந்த கணக்கு; மற்றொன்று, ஒரே சாதி என்னும் உறவு.

இரண்டாம் துணை நமக்கு இல்லை. நம் பிள்ளை மேலாளராய் அமரும்போது ஐயத்தோடு நோக்கும் கண்கள் உண்டு. அது நீதியன்று. ஆயினும் கணக்கு நம் கையில் இருக்கிறது. விடுப்பிலும் பதவி உயர்விலும் எல்லோர்க்கும் ஒரே விதி காட்டுங்கள்; காரணத்தை எழுதி வையுங்கள். அவ்வெழுத்து பணியாளர்க்கு நீதி, உங்களுக்குக் கேடயம்.

1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறைப் பொறுப்பை வகித்த அண்ணல் அம்பேத்கர், அரசும் முதலாளியும் தொழிலாளியும் ஓரவையில் அமர்ந்து பேசும் முத்தரப்பு முறையை வளர்த்தார். நீங்களும் கீழுள்ளவர் சொல்லைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

நம்மவர் என்பதற்காக ஒருவரை உயர்த்தாதீர்கள். அயலார் என்பதற்காக எவரையும் தாழ்த்தாதீர்கள். நமக்கு இழைக்கப்பட்ட குற்றத்தை நாம் பிறர்க்கு இழைத்தலாகாது. உறவால் வந்த நம்பிக்கை உறவோடு நின்றது. நேர்மையால் வருவது எல்லோர்க்கும் பொதுவாகும்.