மூன்று காலும் ஒரு வாக்குறுதியும்



தொழிலின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சொந்த ஊர் செல்கின்றோம். சென்ற இடத்தில் அடிபட்ட உயிர் ஒன்றைக் கண்டால் உள்ளம் இளகுவது இயல்பே. ஆயின், விடுமுறையில் தோன்றிய இரக்கம் விடுமுறையோடு முடிந்துபோகுமானால் அவ்வுயிர்க்கு அதனால் விளையும் பயன் யாது? இவ்வினாவையே இன்று எடுத்துக்கொள்கிறோம்.

எங்கள் ஊர் நாராயணவனம். புத்தூருக்கு அண்மையிலுள்ள இவ்வூர் நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. ஆகாசராசன் மகள் பத்மாவதியை வேங்கடவன் மணம்புரிந்த தலம் இதுவே என்பர். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதி இது.

புத்தூர் என்றவுடன் எலும்பு முறிவுக்குக் கட்டும் புத்தூர்க் கட்டு நம்மவர் நினைவுக்கு வரும். பச்சிலைச் சாறும் முட்டையின் வெண்கருவும் தடவி, மூங்கிற் பத்தை வைத்துத் துணியால் இறுகக் கட்டுவது அம்முறை. எனினும், கட்டு எதுவாயினும் உள்ளே குருதி ஓடினாலன்றி எலும்பு கூடாது. எலும்பு நொறுங்கி, நரம்பும் குருதிக் குழாயும் அறுந்து, தசை அழுகத் தொடங்கிவிட்டால், அவ்வுறுப்பை நீக்குவதே உயிரைக் காக்கும் வழி.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் விடுமுறையில் ஊரில் இருந்தபோது, எங்கள் தெருவில் திரிந்த பெண் நாய் ஒன்று லாரியில் அடிபட்டு இந்நிலையை அடைந்தது. கால்நடை மருத்துவர் அதன் பின்னங்கால் ஒன்றைத் தொடையோடு நீக்கினார். அடிக்கட்டையை நீளமாக விட்டுவைத்தால் அது தரையில் மோதிப் புண்ணாகும். ஆதலால் மேலேயே நீக்குவது வழக்கம் என்றார்.

அயலார் சிலர், ஊசி போட்டு உயிரை முடித்துவிடுவதே கருணை என்றனர். மருத்துவர் அதற்கு உடன்படவில்லை. நாயின் உடற்பாரத்தில் நூற்றுக்கு அறுபது பங்கை முன்னங்கால்களே தாங்குகின்றன. எனவே பின்னங்கால் ஒன்றை இழந்த நாய் எளிதில் நடை பழகும் என்று விளக்கினார். அவ்வாறே மறுநாள் அது எழுந்து நின்றது; சுவரை ஒட்டிச் சில அடிகள் நடக்கவும் செய்தது. துயரம் எங்கள் முகத்தில் இருந்ததேயன்றி அதன் முகத்தில் இல்லை.

ஆயினும், மூன்று கால் நாயை மீண்டும் தெருவில் விடுவது எங்ஙனம்? உணவுக்காகப் பிற நாய்களோடு போரிட அதனால் இயலாது; விரையும் வண்டிக்கு ஒதுங்கவும் இயலாது. ஆகவே அது எங்கள் தாயார் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. சிறுவர்கள் அதற்கு "முக்காலி" என்று பெயரிட்டனர். "இல்லாத காலைச் சொல்லி ஏன் அழைக்கிறீர்கள்? நம் ஊர் ஆற்றின் பெயரைச் சொல்லி அழையுங்கள்," என்றார் எங்கள் தாயார். அன்று முதல் அது அருணா ஆயிற்று.

இத்தகைய நாயை ஏற்போர் அறிய வேண்டியவை சில உண்டு. தையல் பிரிக்கும்வரை, அதாவது பத்து முதல் பதினான்கு நாள், அது புண்ணை நக்காதபடி கழுத்தில் புனல் போன்ற காப்பு இட வேண்டும். மனிதர் உண்ணும் வலி மாத்திரைகளை ஒருபோதும் கொடுத்தலாகாது. அவற்றுட் பல நாய்க்கு நஞ்சு. வழவழப்பான கடப்பைக்கல் தரையில் கால் வழுக்கும். அங்கே சாக்கையோ கோரைப்பாயையோ விரிக்க வேண்டும். நெடுந்தூரம் ஒரே மூச்சில் நடத்தாமல், நாள்தோறும் பலமுறை சிறிது சிறிதாக நடத்தல் நலம். எல்லாவற்றினும் முதன்மையானது, உடல் பருக்கவிடாமை. இரக்கத்தால் மிகுதியாக ஊட்டப்படும் சோறு, எஞ்சிய மூன்று கால்களின் மூட்டுகளுக்குச் சுமையாகிவிடும். வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் இன்றியமையாதவை.

எங்கள் விடுமுறை முடிந்தது. புண் ஆறியபின் அருணாவைத் தில்லிக்கு அழைத்துக்கொள்வதாகச் சொல்லிப் புறப்பட்டோம். இரயிலில் முதல் வகுப்புக் கூபே முழுவதையும் பதிவு செய்தோ, கார்டு வண்டியிலுள்ள நாய்ப்பெட்டியிலோ, மருத்துவச் சான்றுடன் நாயைக் கொண்டு செல்லலாம். மூன்று மாதங்கழித்து அவ்வேற்பாட்டுடன் சென்றோம். எழுபது கடந்த தாயார் கோலூன்றி நடக்க, அருணா அவர் நடைக்கு ஏற்பத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு உடன் வந்தது. தனியே வாழும் அவரிடமிருந்து அதைப் பிரிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

எனவே வாக்குறுதியின் வடிவம் மாறிற்று. மருத்துவச் செலவு எங்களுடையது. தடுப்பூசி நாளை நினைவில் வைப்பதும் எங்கள் கடமை. தாயாரால் இயலாத நாள் வருமாயின் அருணா எங்கள் வீட்டிற்கு வரும். நாய் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். அத்தனை ஆண்டுகளுக்கும் பொறுப்பேற்க இசைந்தே இதனைச் செய்தோம்.

இத்தகைய தொண்டு நம்மவர்க்குப் புதிதன்று. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் நிறைவேறுவதற்கு முன்னின்று முயன்றவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சட்டமும் மருத்துவமும் உள்ளன. அறுவை முடிந்த பின்னர் வேண்டுவது வீடு ஒன்றே.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று பிடிவாதம் பேசுவோரை நம் பழமொழி பழிக்கிறது. மூன்றே கால் உள்ள உயிரைப் பிடித்த பிடி விடாமல் காப்பதாயின், அப்பிடிவாதம் போற்றத்தக்கதே. அடுத்த விடுமுறையில் அத்தகைய உயிர் உங்கள் கண்ணிற்பட்டால், அதைத் தொடுமுன் வீட்டாரோடு அமர்ந்து, பத்து ஆண்டுக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். கணக்கு ஒத்துவருமாயின் தயங்காதீர்கள்.