பூட்டிய பீரோவும் நம் பிள்ளைகளும்

(மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய கருத்தரங்கு ஒன்றில், அரசுப் பள்ளியில் நூலகப் பொறுப்பு வகிக்கும் ஆசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நாளைய பள்ளி நூலகம்' என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். நாளையைப் பற்றிப் பேசும் முன் நேற்று நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதில் குற்றவாளி நான்தான்.

நான் தமிழாசிரியை. எங்கள் பள்ளியில் நூலகர் என்று தனிப் பணியிடம் கிடையாது. பாடம் நடத்துவது போக நூலகமும் எனக்குக் 'கூடுதல் பொறுப்பு'. பொறுப்பேற்ற நாளில் கைக்கு வந்தவை கண்ணாடிக் கதவு போட்ட இரண்டு பீரோ, ஒரு இருப்புப் பதிவேடு, ஒரு சாவிக்கொத்து. ஒப்படைத்தவர் ஒரு புத்திமதியும் சொன்னார். "எண்ணி வாங்கிக்குங்க டீச்சர். ஆடிட்ல ஒன்னு கொறைஞ்சாலும் உங்க தலையிலதான் விழும். ரிட்டயர் ஆவுறப்போ பணத்துல புடிச்சிடுவாங்க." எண்ணினேன். 700 சொச்சம் இருந்தது. கையெழுத்துப் போட்டேன், பூட்டினேன். ஆறு வருசம் அப்படியே பூட்டி வைத்திருந்தேன். வருசத்துக்கு ஒருமுறை ஆய்வுக்கு அதிகாரி வரும்போது திறந்து தூசு தட்டுவோம். அவ்வளவுதான் நூலகம்.

ஒருநாள் காலனியிலிருந்து வரும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். "டீச்சர், அந்தத் திமிங்கலம் படம் போட்ட புக்க குடுங்க டீச்சர்" என்றாள். "கிழிச்சிடுவே, அப்புறம் பாக்கலாம்" என்றேன். அவள் உடனே சொன்னாள்: "கையக் கழுவிட்டு வந்து தொடுறேன் டீச்சர்."

அவள் என்ன நினைத்துச் சொன்னாளோ. எனக்குக் குடலைப் பிடுங்கியது. என் பத்து வயதில், அம்மா வேலைக்குப் போன வீட்டுத் திண்ணையில் ஒரு அம்புலிமாமா கிடந்தது. எடுத்துப் பிரித்துவிட்டேன். அந்த வீட்டு அம்மாள் அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. புத்தகத்தைக் கீழே போடச் சொல்லி, தண்ணீர் தெளித்து, வெயிலில் காயவைத்தார். அந்த அம்மாள் தண்ணீரால் செய்ததை, தோழர்களே, நான் அரசாங்கச் சாவியால் ஆறு வருசம் செய்துகொண்டிருந்தேன். அதிகாரம் நம்முடைய ஆள் கையில் வந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். சாவி என் கையில்தான் இருந்தது. பீரோ திறக்கவில்லையே!

'அதுங்களுக்குப் புத்தகத்தோட அருமை என்னா தெரியும்' என்று ஆசிரியர் அறைகளில் இன்றைக்கும் பேசுகிறார்கள். என் காதால் கேட்கிறேன். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. எல்லிஸ் துரைக்குத் திருக்குறள் ஓலைச்சுவடியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் தன் பாட்டனார் கந்தப்பன் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். கந்தப்பன் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பட்லராக இருந்தவர். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை நடத்தினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். வாசிக்கும் கூட்டம் இல்லாமல் யாருக்காக அச்சடித்தார்கள்?

சாத்தாராப் பள்ளிக்கூடத்தில் கோணிப்பை விரித்து ஒதுங்கி உட்கார வைக்கப்பட்ட சிறுவனை எல்லோரும் அறிவீர்கள். அந்தச் சிறுவன் பம்பாயில் ஒரு பூங்காவில் தினமும் உட்கார்ந்து படிப்பதைக் கேலுஸ்கர் என்ற ஆசிரியர் கவனித்தார். புத்தகங்கள் கொடுத்தார். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். 1956இல் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவிய பயணத்துக்கு, ஒரு வாத்தியார் கைமாற்றிய புத்தகமும் ஒரு தொடக்கம். பிற்காலத்தில் பாபாசாகேப் தாதரில் 'ராஜகிருகம்' கட்டியபோது புத்தகங்களுக்காகவே இடம் ஒதுக்கிக் கட்டினார். ஒரு ஆசிரியர் நூலகராக என்ன செய்ய முடியும் என்று கேட்டால் எனக்குக் கேலுஸ்கர்தான் நினைவுக்கு வருகிறார். அவரிடம் பீரோவும் இல்லை, பதிவேடும் இல்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் 1931இலேயே நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். புத்தகத்தின் வேலை பத்திரமாகக் கிடப்பதில்லை, புழங்குவது என்பதுதான் முதல் விதியின் சாரம். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிதோறும் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகம் உள்பட எல்லாப் பாட நூல்களும் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்று அட்டவணையிலேயே சொல்கிறது. பீரோ இருந்தால் 'நூலகம்: உண்டு' என்று படிவத்தில் எழுதிவிடுகிறோம். பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று கேட்க எந்தப் படிவத்திலும் நான் கட்டம் பார்த்ததில்லை.

இனி நான் கனவு காணும் நூலகத்துக்கு வருகிறேன். பெரிய கட்டடம், குளிர்சாதன அறை என்று எதுவும் கேட்கவில்லை. மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள், சந்தோசம். எங்கள் ஊரிலிருந்து அங்கே போகப் பிள்ளைகளுக்குப் பஸ் காசு யார் கொடுப்பது? பள்ளிக்கூடத்து மூலை அறையைத்தான் கேட்கிறேன்.

முதலாவது, கதவில்லாத அலமாரி. பிள்ளை தன் கையால் எடுக்க வேண்டும், பிடிக்கவில்லையென்றால் திருப்பி வைக்க வேண்டும். தொலையும், கிழியும், தெரிந்ததுதான். மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017), நூலகங்களில் வழங்கிப் படிக்கப்படும் ஆயிரம் புத்தகத்துக்கு ஆண்டுக்கு 5 தொலைந்தால் அது இயல்பான இழப்பு என்று ஒப்புக்கொள்கின்றன. நேர்மைக் குறைவோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக்கூடாது. டெல்லியில் இருக்கும் பெரிய நூலகத்துக்கு உள்ள சலுகை நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு ஏன் கிடையாது? ஆசிரியர் பணத்தில் பிடிக்க மாட்டோம் என்று ஒரு தெளிவான அரசாணை போட்டால், எத்தனையோ பீரோக்கள் மறுநாளே திறக்கும். பூட்டுக்குப் பின்னால் இருப்பது பாதி சாதி, பாதி ஆடிட் பயம். இரண்டும் சேர்ந்தால் பூட்டு துருப்பிடிக்கும்வரை தொங்கும். பாபாசாகேப்பே புத்தகம் தொலைத்தவர்தான். 1917இல் லண்டனிலிருந்து கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகங்கள் போரில் கடலுக்குள் போயின. அதற்காக அவர் படிப்பதை நிறுத்தினாரா?

இரண்டாவது, நம் வாழ்க்கைக்கு ஏற்ற தவணை. அந்தப் பிள்ளை கேட்ட மறுநாள் பீரோவைத் திறந்தேன். திமிங்கலப் புத்தகம் அவளிடம் போனது. திரும்பி வரவில்லை. 'ஏழு நாளில் திருப்பித் தர வேண்டும்' என்று அட்டையில் எழுதியிருந்தது. பொங்கல் முடிந்ததும் அவள் குடும்பம் செங்கல் சூளைக்குப் போய்விட்டது. 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று சிரித்தார்கள். ஆடி மாசம் வந்து நின்றாள். புத்தகத்தின் ஓரமெல்லாம் செம்மண். "சூளையில எட்டுப் புள்ளைங்க படிச்சோம் டீச்சர். எங்க ஆயாவுக்கும் படிச்சுக் காட்டுனேன்" என்றாள். பதிவேட்டில் அது தொலைந்த புத்தகம். என் கணக்கில் எங்கள் பள்ளியிலேயே அதிகம் பேர் படித்த புத்தகம். கரும்பு வெட்டவும் சூளைக்கும் போகிற குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு பை நிறையப் புத்தகம் கட்டிக் கொடுத்தனுப்பும் நூலகம் வேண்டும். ஏழு நாள் தவணை என்பது நிலையான வீடும் மேசையும் விளக்கும் உள்ளவன் போட்ட விதி.

மூன்றாவது, நேரம். நூலகப் பாடவேளை கால அட்டவணையில் இருக்கும், கணக்கு சார் வாங்கிக்கொள்வார். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு என்று சொன்னால் யாரும் வாய் திறக்க முடியாது. வகுப்பு நேரம் போகட்டும், சாயந்திரம் ஏழு மணி வரை அறை திறந்திருக்கட்டும். ஒரே அறை வீட்டில் டிவியும் அடுப்பும் தம்பியின் அழுகையும் இருக்கும்போது பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்?

நான்காவது, என்ன புத்தகம் என்பது. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. அதற்கு முன்னால் பூமணியின் 'பிறகு', பின்னால் கே.ஏ. குணசேகரனின் 'வடு'. அம்பேத்கர் நூல் தொகுப்பு தமிழில் 30க்கும் மேற்பட்ட தொகுதிகள். இவற்றில் ஒன்றுகூட எங்கள் பீரோவில் இல்லை. வாங்கி வைத்தோம். மேல்வகுப்பில் ஊர்த்தெருப் பையன் ஒருவன் 'கருக்கு' எடுத்துப் போனான். மறுநாள் அவன் அப்பா வந்து, "எம் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம் குடுக்குறீங்க" என்று சத்தம் போட்டார். தலைமையாசிரியர் புத்தகத்தை எடுத்துவிடச் சொன்னார். எழுத்தில் கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை. புத்தகம் அங்கேயேதான் இருக்கிறது.

ஆனால் தோழர்களே, இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைக்கு நம் கதை மட்டும் போதும் என்று ஒரு தட்டு ஒதுக்கினால், அலமாரிக்குள்ளும் ஒரு சேரி கட்டியதாகிவிடும். அந்தப் பிள்ளை கேட்டது திமிங்கலம். கடல், நட்சத்திரம், துப்பறியும் கதை, ஆங்கிலப் படக்கதை எல்லாமே அவளுக்குரியவைதான். அதுபோல 'கருக்கு' நம்மைவிட ஊர்த்தெருப் பையனுக்கு அதிகம் தேவைப்படுகிற புத்தகம்.

ஐந்தாவது, வேலை. நூலகத்தை யார் பெருக்குகிறார்கள், யார் பதிவேடு எழுதுகிறார்கள் என்று பாருங்கள். 'நல்ல கையெழுத்து' என்று ஒரு தெருப் பிள்ளைக்குப் பேனா, இன்னொரு தெருப் பிள்ளைக்குத் துடைப்பம். எங்கள் அறையில் சுழற்சி முறை வைத்திருக்கிறோம். எல்லோரும் எழுதுவார்கள், எல்லோரும் பெருக்குவார்கள், திங்கட்கிழமை என் முறை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து தலித் மாணவனையும் தங்கையையும் வெட்டினார்கள். நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டு, 2024இல் அறிக்கை வந்தது. சாதிக் கயிறு கட்டக்கூடாது என்றது, பள்ளிப் பெயரில் சாதி அடையாளம் கூடாது என்றது. புத்தகம் கொடுத்தால் அரிவாள் தானாகக் கீழே விழுந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் செல்போனில் சாதிப் பெருமை வீடியோ ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. 'இது யார் சொன்னது, ஆதாரம் எங்கே' என்று பையன் கேட்கப் பழகும் இடம் பள்ளியில் ஒன்றாவது வேண்டாமா? ஒருவன் தொட்ட புத்தகத்தை அடுத்தவன் கை கழுவாமல் தொடுகிற இடம் ஒன்றாவது வேண்டாமா? நான் நூலகம் என்று சொல்வது அந்த இடத்தைத்தான்.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் இயக்கத் தோழர்களுக்கு ஒரு வேலை. கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மை பெற்றோர்கள்தான். நம் தாய்மார்கள் அதில் இருக்கிறார்கள், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர்களோடு பேசி அனுப்புங்கள். நூலக வழங்கு பதிவேட்டைக் கேட்கச் சொல்லுங்கள். கடைசியாகப் புத்தகம் கொடுத்த தேதி என்ன, எந்தெந்தத் தெருப் பிள்ளைகள் பெயர் இருக்கிறது என்று பார்க்கட்டும். தேதி இல்லையென்றால் சாவி எங்கே என்று கேட்கட்டும். என்னை மாதிரி ஒரு டீச்சர் அங்கேயும் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நம்ம ஆளுதானே என்று விட்டுவிடாதீர்கள். அவளையும் கேளுங்கள்.