நகர மையம் என்றால் கடைத்தொகுதி மட்டும்தானா?



'புறநகரில் பிறக்கும் புதிய நகர மையம்' என்பது இன்றைய கருத்தரங்கில் எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. சிங்கப்பூரில் இதைப் பற்றிப் பேச வந்துவிட்டு ஜூரோங்கை ஒதுக்கிவிட முடியாது. இரண்டாவது நகர மையமாக வளரப்போகும் வட்டாரம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருவது அந்த இடம்தான். அது எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது, யாருக்காக வளர்கிறது என்ற இரு கேள்விகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1961இல் ஜூரோங்கில் தொழிற்பேட்டை அமைக்கும் பணி தொடங்கியபோது அங்கே இருந்தவை சதுப்பு நிலமும் இறால் குட்டைகளும் சிறு குன்றுகளும்தான். அன்றைய நிதியமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீயின் யோசனை அது. தொடக்கத்தில் தொழிற்சாலைகள் மெதுவாகவே வந்தன. இந்தத் திட்டம் தோற்றால் 'கோவின் மடமை' என்றுதான் வரலாறு சொல்லும் என்று அவரே வேடிக்கையாகச் சொன்னதுண்டு.

பிறகு தொழிற்சாலைகள் வந்தன. ஆனால் மக்கள் வரவில்லை. வேலைக்கு ஜூரோங், வீட்டுக்கு நகரம் என்று தினமும் பேருந்திலும் லாரியிலும் போய் வந்தார்களே தவிர, அங்கே கட்டி வைத்த வீடுகளில் குடியேற மனமில்லை. சந்தை, பள்ளி, பொழுதுபோக்கு என எதுவும் போதுமானதாக இல்லாத இடத்திற்கு யார் குடும்பத்தோடு போவார்கள்? 1968இல் தொடங்கப்பட்ட ஜூரோங் நகராண்மைக் கழகம் இதைப் புரிந்துகொண்டது. தொழிற்சாலைகளோடு பூங்காக்களையும் அமைத்தது. 1971இல் பறவைப் பூங்கா திறக்கப்பட்டது. காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திரையரங்கும் அதே ஆண்டில் வந்தது. அதன் பிறகுதான் ஜூரோங் குடியிருக்கத் தகுந்த ஊராக மாறியது.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன்? அன்று ஜூரோங்கில் வேலை இருந்தது, குடியிருக்க ஆளில்லை. இன்று நிலைமை தலைகீழ். குடியிருக்க ஆயிரமாயிரம் குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் அலுவலக வேலைக்குப் போகும் பலர் காலையில் ரயிலேறி ராஃபிள்ஸ் பிளேசுக்கும் தஞ்சோங் பகாருக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நிலையை மாற்றும் எண்ணம் புதிதல்ல. 1991ஆம் ஆண்டின் நாடளாவிய திட்டத்திலேயே, எல்லா அலுவலகங்களும் நகரத்தில் குவியாமல் இருக்க தெம்பனிஸ், ஜூரோங் ஈஸ்ட், உட்லண்ட்ஸ், சிலேத்தார் ஆகிய இடங்களில் வட்டார மையங்கள் அமைக்க வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. முதலில் வளர்ந்தது தெம்பனிஸ். வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் அங்கே அலுவலகங்களைத் திறந்தன. ஜூரோங்கிற்கு முறை வந்தது 2008இல். ஏரியையும் ரயில் நிலையத்தையும் சேர்த்து 'ஜூரோங் ஏரி வட்டாரம்' என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது.

அதற்குப் பின் வந்தவை நம் கண்முன் நிற்கின்றன. 2012இல் பனிச்சறுக்குத் தளத்தோடு ஜேகியூப், 2013இல் ஜெம், அதே ஆண்டின் இறுதியில் வெஸ்ட்கேட் என்று கடைத்தொகுதிகள் வரிசையாகத் திறக்கப்பட்டன. 2015இல் இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனை வந்தது. நிலையத்திலிருந்து மழையில் நனையாமல் மருத்துவமனை வரை மேல்நடைபாதையிலேயே நடந்து போகலாம். அதே ஜூரோங் ஈஸ்ட் ஸ்திரீட் 21இல் நம் முருகன் கோயிலும் இருக்கிறது. மேற்கு வட்டாரத் தமிழர்களுக்கு இது எவ்வளவு வசதி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நேயர்களே, கடைகள் வந்துவிட்டன, மருத்துவமனை வந்துவிட்டது. நகர மையம் வந்துவிட்டதா?

அலுவலகங்கள் ஏன் தயங்குகின்றன என்று பார்ப்போம். நகரத்தின் நடுவில் இருக்கும் நிறுவனத்திற்குக் கிழக்கு, மேற்கு, வடக்கு என எல்லாத் திசையிலிருந்தும் ஊழியர்கள் வர முடியும். அதே நிறுவனம் ஜூரோங்கிற்கு மாறினால், மேற்கில் குடியிருப்பவருக்குக் கொண்டாட்டம். பாசிர் ரிஸ்ஸில் குடியிருப்பவருக்கு ஒரு மணி நேரத்திற்கும் மேலான பயணம். வாடிக்கையாளர்களும் போட்டியாளர்களும் வழக்கறிஞர்களும் வங்கிகளும் ஒரே இடத்தில் இருக்கும்போது, தான் மட்டும் தனியே விலகிப் போக எந்த நிறுவனமும் யோசிக்கும்.

அந்தத் தயக்கத்தைப் போக்கும் பெரிய காந்தமாக அதிவேக ரயில் கருதப்பட்டது. கோலாலம்பூரிலிருந்து 90 நிமிடங்களில் ஜூரோங் ஈஸ்ட் வந்து சேரலாம் என்றார்கள். 2016 டிசம்பரில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. நிலையத்திற்காக ஜூரோங் கண்ட்ரி கிளப் இருந்த நிலமும் எடுக்கப்பட்டது. ஆனால் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அந்த ஒப்பந்தம் முடிவுக்கு வந்துவிட்டது. அதே ஆண்டில் கொவிட்-19 வந்து, வீட்டிலிருந்தே வேலை செய்யும் பழக்கத்தையும் கொண்டுவந்தது.

அடுத்து நடந்தவற்றைக் கவனியுங்கள். ஜேகியூப் திறந்து 11 ஆண்டுகளிலேயே, 2023இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 40 மாடிகளில் 368 தனியார் வீடுகள் கொண்ட கட்டடத்திற்குத் திட்டமிடப்பட்டது. ரயில் நிலையத்திற்கு அருகில் 6.5 ஹெக்டர் நிலத்தை அலுவலகம், வீடு, கடை எல்லாம் கலந்த பெரிய வளாகமாக மேம்படுத்த, 2023இல் அரசாங்கம் ஏலக்குத்தகைக்கு விட்டது. 2024 மார்ச் மாதம் ஏலக்குத்தகை முடிந்தபோது வந்தது ஒரே ஒரு விண்ணப்பம். 5 பெரிய நிறுவனங்கள் கூட்டாகக் கொடுத்த அந்த விலை குறைவு என்று செப்டம்பரில் நகர மறுசீரமைப்பு ஆணையம் நிராகரித்துவிட்டது.

வீடு என்றால் வாங்க ஆளிருக்கிறது, அலுவலகம் என்றால் தயக்கம் இருக்கிறது என்பதைத்தான் இவை காட்டுகின்றன. "அப்படியென்றால் வீடுகளையே கட்டிவிட்டுப் போகலாமே, சந்தை முடிவு செய்யட்டுமே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அலுவலகத்திற்கு ஒதுக்கிய நிலத்தில் ஒருமுறை வீடு வந்துவிட்டால், அந்த நிலம் பல பத்தாண்டுகளுக்குத் திரும்பக் கிடைக்காது. வேலைகள் நகரத்திலேயே இருக்கும். காலையில் ரயிலேறும் கூட்டம் மட்டும் கூடும்.

ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் நகரத்தை நோக்கிப் போகும் ரயிலில் கால் வைக்க இடமிருக்காது. எதிர்த்திசையில் வரும் ரயிலில் உட்கார்ந்தே வரலாம். ஜூரோங்கில் வேலைகள் பெருகினால் அந்தக் காலி இருக்கைகள் பயன்படும். கூட்டத்தைக் குறைக்க வேறு பாதை போடும் செலவும் அந்த அளவுக்கு மிச்சம்.

2024 செப்டம்பர் 25ஆம் தேதி கிழக்கு மேற்குப் பாதையில் ஏற்பட்ட கோளாற்றை மேற்கில் வசிப்பவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். ஜூரோங் ஈஸ்டிலிருந்து பொன விஸ்தா வரை ரயில் இல்லாமல் ஆறு நாட்கள். இணைப்புப் பேருந்துக்கு நீண்ட வரிசை. வேலைக்கும் தேர்வுக்கும் போகவேண்டியவர்கள் பட்ட சிரமம் கொஞ்சமல்ல. தண்டவாளம் பழுதானது ஒரு பக்கம். இத்தனை பேருடைய பிழைப்பு ஒரே தண்டவாளத்தின் மறுமுனையில் இருக்கிறதே என்ற உண்மையும் அந்த ஆறு நாட்களில் வெளிப்பட்டது. வேலை அருகில் இருந்தால், ரயில் நின்றாலும் வாழ்க்கை நிற்காது.

24 நிலையங்களோடு கட்டப்பட்டுவரும் ஜூரோங் வட்டார ரயில் பாதை இதில் ஒரு நல்ல மாற்றம். சுவா சூ காங், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், தொழிற்பேட்டைகள் ஆகியவற்றை அது ஜூரோங் ஈஸ்டோடு இணைக்கும். மேற்கிலிருந்து மேற்கிற்கே போக உதவும் பாதை அது.

சரி, நாம் என்ன எதிர்பார்க்க வேண்டும்? என் கருத்தில் மூன்று.

முதலாவது, புதிய மையத்தின் வளர்ச்சியைக் கடைகளின் எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் அருகிலேயே குடியிருக்கிறார்கள் என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும். அதற்காகக் காத்திருக்கவும் தயாராக இருக்க வேண்டும். குறைந்த விலைக்கு நிலத்தைக் கொடுக்காமல் இருந்ததை நான் பொறுமை என்றே பார்க்கிறேன்.

இரண்டாவது, காசு செலவழிக்காமல் உட்கார இடம் வேண்டும். ஜூரோங் வட்டார நூலகத்தில் ஒரு முதியவர் தமிழ் நாளிதழைப் படித்தபடி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். 2024இல் மீண்டும் திறக்கப்பட்ட சீனத் தோட்டத்திலும் ஜப்பானியத் தோட்டத்திலும் குழந்தைகளோடு கட்டணமின்றி உலாவலாம். காப்பிக்கு ஏழெட்டு வெள்ளி கொடுத்தால்தான் நாற்காலி என்றால் அந்த மையம் அக்கம்பக்கத்தாருக்கு உரியதல்ல.

மூன்றாவது, சிறு வணிகர்களுக்கு இடம் வேண்டும். பூக்கடை, மளிகைக் கடை, தையற்கடை வைத்திருக்கும் நம்மவர்களால் கடைத்தொகுதி வாடகையைத் தாங்க முடியாது. புளோக்குகளின் கீழ்த்தளத்தில் உள்ள கடைகளும் சந்தைகளும் புதிய மையத்தின் திட்டத்திலேயே சேர்க்கப்பட வேண்டும். வெற்றிலைக்கும் வாழையிலைக்கும் தேக்கா வரை போகத் தேவையில்லாத நாள் வந்தால், அன்று ஜூரோங் நமக்கும் நகர மையம்.

அறுபதுகளில் ஜூரோங்கைக் காப்பாற்றியது, அங்கே வாழ்பவருக்கு என்ன தேவை என்று கேட்டுச் செய்ததுதான். இப்போதும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். திட்டங்கள் குறித்து மக்களின் கருத்துகளை அதிகாரிகள் கேட்கும்போது நாம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, கட்டி முடித்த பிறகு குறை சொல்வதில் பயனில்லை. உங்கள் வட்டாரத்தில் கண்காட்சி நடந்தால் போய்ப் பாருங்கள், தமிழிலாவது இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்.