பழைய லாரியைப் பாதுகாத்தல்

(பிள்ளைப்பாக்கத்தில் கூடிய கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கடன் வசூலைப் பற்றியும் வரவு செலவைப் பற்றியும் நான் பேசுவேன் என்று எதிர்பார்த்துத் தாங்கள் வந்திருக்கலாம். அவற்றைப் பேச வேறு சமயம் உண்டு. சில மாதங்களாக இப்பகுதிச் சங்கங்களில் நான் செல்லுமிடமெல்லாம் ஒரே கேள்வி கேட்கப்படுகிறது. "பழைய லாரி ஒன்று மலிவாக வருகிறது, வாங்கிச் சீர்ப்படுத்தி நெல்லும் உரமும் ஏற்றலாமா?" என்பதே அது. லாரி வைத்திருக்கும் சங்கத்தாரோ, "இருப்பதைப் பழுது பார்ப்பதா, பழைய இரும்புக்குத் தள்ளிவிடுவதா?" என்று வினவுகின்றனர்.

இவ்வூரில் இக்கேள்வி எழுவது சற்று விநோதமே. பிள்ளைப்பாக்கத்தைச் சுற்றிலும் தொழிற்பேட்டை எழுந்திருக்கிறது. சில மைல் தூரத்திலுள்ள ஒரகடத்தில் அப்போலோ கம்பெனியார் 2010-ஆம் வருஷம் முதல் டயர் செய்து வருகின்றனர். அங்கேயே 2012-ஆம் வருஷம் முதல் பாரத்பென்ஸ் லாரிகள் உற்பத்தியாகின்றன. ஆயினும் நமது களத்துமேட்டுக்கு வரும் லாரி அந்தப் புது லாரியன்று. பத்துக் கைகள் மாறி, பதினைந்து இருபது வயதான பிறகே அது நம்மிடம் வந்து சேருகிறது. ஆகையால், புதியதைச் செய்யும் வித்தை ஒரகடத்தில் இருந்தாலும், பழையதைக் காக்கும் வித்தை நம்மிடம் இருந்தே தீரவேண்டும்.

அது நம் தேசத்துக்குப் புதிதும் அன்று. இரண்டாவது உலக யுத்த காலத்தில் பெட்ரோல் அரிதாயிற்று. அப்போது மதுரை டி.வி.சுந்தரம் அய்யங்கார் கரிவாயுவினால் வண்டி ஓட்டும் சாதனத்தைச் செய்தளித்தார். தேய்ந்த டயர்களுக்கு மறுபடியும் ரப்பர் பூசும் தொழிற்சாலையையும் ஏற்படுத்தினார். திருவொற்றியூரில் 1946-இல் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப். ஸ்தாபனத்தார், 1952-இல் டயர்களுக்கு மேற்பட்டை போடும் ரப்பரைச் செய்ய முற்பட்டனர். புது டயர் செய்தது அதற்குப் பிந்தியே. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1950-இல் இங்கிலாந்தின் லேலண்டு கம்பெனியாருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, 1955-இல் அசோக் லேலண்டு என்று பெயர் பெற்றது. எண்ணூரில் உருவான அந்த லாரிகள் இந்த ராஜ்யத்தின் எந்த மேஸ்திரிக்கும் கைப்பழக்கமானவை. சாமான்களும் மேஸ்திரிகளும் எளிதில் அகப்படுவதே பழைய லாரிக்குள்ள முதல் அநுகூலம். வாங்குமுன் இதை விசாரியுங்கள்.

இனி என் சொந்த அநுபவம் ஒன்றைச் சொல்கிறேன். அதில் எனக்குப் பெருமை ஏதுமில்லை.

நான் முன்பு வேலை பார்த்த சரகத்தில் ஒரு சங்கத்துக்கு லாரி ஒன்று இருந்தது. எஞ்ஜின் கெட்டதால் ஒரு வருஷ காலம் புளியமரத்தடியில் நின்றது. பழுது பார்க்கப் பஞ்சாயத்தார் தீர்மானம் செய்தனர். மதிப்பீடுகளை ஒப்பிட்டு, ரசீதுகளைப் பார்த்து, நானும் சம்மதித்தேன். செலவு குறையுமென்று, வேறொரு லாரியின் பின்னால் கட்டி, நான்கு சக்கரமும் தரையில் உருள, பட்டறைக்கு முப்பது மைல் இழுத்துச் சென்றனர். எஞ்ஜினைச் சீர் செய்து ஓட்டியபோது, அதுவரையில் யாதொரு குறையுமின்றி இருந்த கியர்ப்பெட்டி அலறிற்று. உள்ளே தாங்கிகள் கருகிப் போயிருந்தன. மறுபடி செலவழிக்கப் பணமில்லை. லாரி எடைக்குப் போயிற்று. அவ்வருஷம் அங்கத்தினருக்கு லாப ஈவும் இல்லை. உரமேற்ற வெளி லாரிக்கு வாடகையும் கொடுக்க நேர்ந்தது. மகாசபைக் கூட்டத்தில் வயது முதிர்ந்த ஓர் அம்மாள் எழுந்து, "ஐயா, வண்டி ஓடினால்தானே தேயும்? இழுத்துக்கொண்டு போனதில் எப்படிக் கெட்டது?" என்று என்னைக் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மெட்ரிகுலேஷன் வரை படித்தவன் நான். யந்திர சாஸ்திரம் கற்றவனல்லன். அன்று முதல் பட்டறைகளில் நின்று கேட்டும் பார்த்தும் அறிந்ததையே இங்கே கூறுகிறேன்.

அந்த அம்மாளுக்குச் சேரவேண்டிய பதில் இது. கியர்ப்பெட்டியில் எண்ணெய் அடியில் தங்கியிருக்கும். எஞ்ஜின் சுழலும்போது அதனோடு சேர்ந்து கீழ்த்தண்டின் பற்சக்கரங்கள் சுழன்று, அவ்வெண்ணெயை வாரி மேலே இறைக்கும். எஞ்ஜின் நின்றிருக்க வண்டியை இழுத்தாலோ, பின்சக்கரம் மேல்தண்டை மட்டும் சுழற்றும், கீழ்த்தண்டு அசையாது, எண்ணெய் மேலே ஏறாது. மேல்தண்டு வறண்டபடியே முப்பது மைலும் தேயும். இழுக்குமுன் பின் அச்சுக்குச் செல்லும் புரொப்பெல்லர் தண்டின் ஒரு முனையிலுள்ள சில போல்ட்டுகளைக் கழற்றித் தண்டைக் கட்டிவைத்திருந்தால் நஷ்டமே இல்லை. அரைமணி நேர வேலை. எல்லா ரசீதுகளையும் பார்த்த நான் அந்தப் போல்ட்டுகளைப் பற்றி விசாரிக்கவில்லை.

கியர்ப்பெட்டியைப் பற்றி இன்னும் சில விஷயங்கள். பழைய லாரி வாங்கும்போது, விற்பவர் கியர்ப்பெட்டியின் இரைச்சலை மறைக்க அளவுக்கு மிஞ்சித் தடித்த எண்ணெய் ஊற்றியிருக்கக்கூடும். ஆகவே பத்து மைலாவது சுமையுடன் ஓட்டிச் சூடேறிய பிறகே காது கொடுத்துக் கேளுங்கள். பின்னர் எண்ணெயைச் சிறிது வடித்து, வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மைபோன்ற மெல்லிய சாம்பல் தூள் இயல்பானது. செதில் செதிலாக உலோகம் இருந்தால் பெட்டியைத் திறந்தே ஆகவேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

நின்ற நிலையில், நியூட்ரலில் இரையும் சப்தம் கிளட்சை அழுத்தியதும் நின்றால், பெட்டியின் முன்தண்டுத் தாங்கியையோ கீழ்த்தண்டையோ சந்தேகிக்கலாம். அழுத்திய பிறகே சப்தம் பிறந்தால் கிளட்சின் தாங்கி தேய்ந்திருக்கும். சுமையேற்றி மேட்டில் ஏறும்போது கியர் தானாகக் கழன்றால், பற்களோ, அவற்றைப் பிடித்து நிறுத்தும் வில்லோ தேய்ந்துவிட்டன என்று கொள்ளுங்கள். எண்ணெய் ஒழுகுகிறதென்று உடனே சீலை மாற்றிவிடாதீர்கள். பெட்டியின் மேல் மூச்சுத் துவாரம் ஒன்று உண்டு. அது சேற்றினால் அடைபட்டால், சூட்டில் எழும் அழுத்தம் எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். குச்சியால் சுத்தம் செய்தாலே பல ஒழுக்குகள் நிற்கும்.

பின் அச்சிலுள்ள கிரவுன் சக்கரமும் பினியனும் ஜோடியாகவே பொருத்தி வைக்கப்பட்டவை. ஒன்றை மட்டும் பழைய சாமான் கடையில் வாங்கிப் போட்டால் இரண்டும் கெடும். பழைய பெட்டிகளில் கியர் மாற்ற இரு முறை கிளட்சு மிதிக்கும் வழக்கத்தை ஓட்டுநர் அறிந்திருக்கவேண்டும். வலிமையால் தள்ளுகிறவர் கையில் எந்தப் பெட்டியும் நிலைக்காது.

அடுத்தது டயர். உயிரும் பணமும் ஒருங்கே அடங்கிய இடம் இதுவே.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 3121 என்றிருந்தால், 2021-ஆம் வருஷத்தின் 31-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். மேற்பட்டை ஆழமாக இருந்தாலும், வயது முதிர்ந்து பக்கச் சுவரில் வெடிப்புக் கண்ட டயர் நம்பத் தக்கதன்று. மேற்பட்டையின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாதென்பது மோட்டார் வாகன விதி. மழைக்காலத்தில் அவ்வளவு தேயும்வரை காத்திருப்பதும் புத்தியன்று.

காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையில் அளக்கவேண்டும். காற்றுக் குறைந்தால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி உள்நூல் அறும். ஓடிய சூட்டில் அளவு கூடுதலாகக் காட்டுகிறதென்று காற்றை இறக்குவது தவறு. பின்புறம் ஜோடியாக ஓடும் டயர்கள் சம சுற்றளவு உள்ளவையாக இருக்கட்டும். ஒரு கயிற்றைச் சுற்றி அளந்தால் போதும். ஒன்று பெரிதானால் பாரம் முழுவதையும் அதுவே சுமக்கும். சிறியது தரையில் இழுபட்டுத் தேயும். இரண்டிற்கும் இடையே கல் சிக்கியிருக்கிறதா என்று கிளீனர் ஒவ்வொரு நடைக்கும் பார்க்கவேண்டும்.

தேய்ந்த டயருக்கு ரீட்ரெடிங் செய்வது சிக்கனமான முறையே. அச்சில் வைத்துச் சூட்டில் வேகவைப்பது ஒரு விதம். முன்பே வெந்த பட்டையை ஒட்டிக் குறைந்த சூட்டில் பதப்படுத்துவது மற்றொரு விதம். எவ்விதமாயினும் அடிக்கூடு நன்றாக இருந்தால்தான் பயன். நூல் தெரியுமளவு தேயவிட்ட பிறகு கொண்டுபோனால் ஒன்றும் ஆகாது. ரீட்ரெடிங் செய்ததைப் பின்சக்கரங்களுக்கே உபயோகியுங்கள். வண்டியைத் திருப்பும் முன்சக்கரங்களுக்குப் புது டயரே போடுங்கள்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பழைய லாரிச் சக்கரங்களில் டயரைப் பிடித்து நிறுத்துவது ஓர் இரும்பு வளையம். காற்று நிறைந்திருக்கையில் அவ்வளையம் விடுபட்டால் பீரங்கிக் குண்டுபோல் பாயும். எதிரே நிற்பவர் பிழைப்பது அரிது. ஆகவே சக்கரத்தைக் கழற்றுமுன் வால்வை எடுத்து, ஜோடி டயர் இரண்டிலும் உள்ள காற்றை முற்றிலும் வெளியேற்றுங்கள். காற்றடிக்கும்போது சக்கரத்தை இரும்புக் கூண்டினுள் வையுங்கள். நீண்ட குழாயின் துணையால் விலகி நின்று அடியுங்கள். காற்றுள்ளபோது வளையத்தைச் சுத்தியால் தட்டவே கூடாது. காற்றின்றி ஓடிய டயரைக் கழற்றி உள்ளே பாராமல் மறுபடி அடிக்கவும் கூடாது. டயர் மாட்டியிருக்கையில் ரிம்மில் வெல்டிங் வைக்க எவரையும் அனுமதியாதீர்கள். சிறுவர்களை அவ்விடத்தில் நிற்கவே விடாதீர்கள்.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றுப் பிரேக்குள்ள லாரிகளில் காற்றுத் தொட்டியில் தேங்கும் தண்ணீரைத் தினந்தோறும் வடிக்கவேண்டும். பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அந்தத் தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதுவது நுரையீரலுக்குத் தீங்கு. ஈரத் துணியால் துடையுங்கள்.

இனி நமது கணக்குக்கு வருவோம். பழைய லாரியைச் சீர்ப்படுத்துவதில் நான் காணும் பெரிய பிழை, வர்ணத்தில் தொடங்குவது. புது வர்ணமும் முகப்பு அலங்காரமும் முடிந்தபோது, டயருக்குப் பணமிராது. முதலில் பிரேக்கும் திருப்புச் சாதனமும், பிறகு டயர், பிறகு கியர்ப்பெட்டியும் அச்சும், அதன்பின் எஞ்ஜின், கடைசியில் வர்ணம் என்ற வரிசையை விடாதீர்கள். சட்டத்தின் அடிப்பட்டையே துருவேறி விரிசல் கண்டிருந்தால் சீர்திருத்த முயல்வது வீண். 2021-இல் ஏற்பட்ட விதிகளின்படி பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்புவித்துச் சான்று பெறுவதே நலம். எட்டு வயது கடந்த லாரிக்கு வருஷந்தோறும் தகுதிச் சான்று பெறவேண்டுமென்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டயருக்குத் தேவையான பணம் ஒரே நாளில் அகப்படாது. கணக்குக்காக ஒரு டயரின் விலை 20,000 ரூபாயென்றும், அது 40,000 கிலோமீட்டர் உழைக்குமென்றும் வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 50 பைசா ஆகிறது; ஆறு டயருக்கு 3 ரூபாய். 60 கிலோமீட்டர் போய்வரும் ஒவ்வொரு நடைக்கும் 180 ரூபாயைத் தனியே எடுத்துவைத்தால், டயர் தேயும்போது பணமும் சேர்ந்திருக்கும். எடுத்துவைக்காத சங்கம் அன்றாட வாடகையை லாபமென்று எண்ணிச் செலவிடுகிறது. உண்மையில் அது தன் டயரைத் தின்கிறது.

நமக்குப் பக்கத்திலுள்ள திரூரில் 1904-ஆம் வருஷம் விவசாயக் கடன் சங்கம் பதிவாயிற்று. அன்று முதல் கூட்டுறவின் மூலதனம் சிறுகச் சேர்த்த பணமும் ஒழுங்காக எழுதிய ஏடுமே. லாரிக்கும் அதையே செய்யக் கோருகிறேன். அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் நிறைவேற்றுங்கள். முதலாவது, லாரிக்கு ஒரு குறிப்பேடு: எண்ணெய் மாற்றிய தேதி, ஒவ்வொரு டயரின் எண், காற்றின் அளவு, ஓடிய தூரம் யாவும் ஓட்டுநர் எழுதி, ஒரு பஞ்சாயத்தார் வாரந்தோறும் கையெழுத்திட வேண்டும். இரண்டாவது, நடைதோறும் சேரும் டயர் நிதி. அதை வேறெதற்கும் தொடலாகாது.

இனி நான் தணிக்கைக்கு வரும்போது ரொக்கப் புத்தகத்துக்கு முன் அந்தக் குறிப்பேட்டையே கேட்பேன்.