வட்டி இறங்கினால் நமக்கு வீடு வருமா?

(கலஹாவில் நடைபெற்ற தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் உங்களுக்கு ஓய்வு. துணி துவைப்பது, விறகு எடுப்பது, சந்தைக்குப் போவது எல்லாம் அந்த ஒருநாளில்தான். அதை விட்டுவிட்டு மழையில் நனைந்து வந்திருக்கிறீர்கள். சுருக்கமாகப் பேச முயல்கிறோம்.

போன கூட்டத்தில் ஒரு தங்கச்சி எழுந்து கேட்டார்: "மத்திய வங்கி வட்டியைக் குறைச்சிட்டதா செய்தியில சொல்றாங்களே, அப்ப நாங்க வீடு கட்டலாமா?" சிலர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல அது. அன்றைக்குச் சரியான பதில் எங்களிடம் இருக்கவில்லை. இன்றைக்குச் சொல்ல முயல்கிறோம்.

முதலில் வட்டி. 2022 ஏப்ரல் மாதம் மத்திய வங்கி தன்னுடைய வட்டியை ஒரே நாளில் 7 சதவீதம் ஏற்றியது. வங்கிகள் மத்திய வங்கியிடம் வாங்கும் கடனுக்கான வட்டி 14.5 ஆனது, 2023 மார்ச்சில் அது 16.5 வரை போனது. வங்கிகள் தமது மிகச் சிறந்த வாடிக்கையாளருக்கே 28 சதவீதத்துக்குக் கிட்டக் கேட்ட காலம் அது. 2023 ஜூனுக்குப் பிறகு படிப்படியாக இறக்கினார்கள். 2025 மே மாதம் கொள்கை வட்டி 7.75க்கு வந்துவிட்டது.

இதைக் கணக்காகப் பார்ப்போம். ஒருவர் 20 லட்சம் கடன் எடுத்து 15 வருடத்தில் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 சதவீத வட்டி என்றால் மாதம் 24,000 ரூபாய் கட்ட வேண்டும். 28 சதவீதம் என்றால் 47,000க்கு மேல். நம் கணக்கு என்ன? 2024 செப்டெம்பர் வர்த்தமானிப்படி நாள் சம்பளம் 1,350 ஆக இருந்தது. மாதம் 25 பேர் போட்டால் 33,750. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் போனால் 31,050. கடைக்கடன், சங்கச் சந்தா, முற்பணம், பிள்ளைகளின் வேன் காசு எதுவும் கழிக்காத கணக்கு இது. 25 பேர் போடுவது யாருக்குக் கிடைக்கிறது என்பது பிரட்டுக்களத்தில் நிற்கும் உங்களுக்குத் தெரியும். ஆகவே வட்டி 28 ஆக இருந்தாலும் 12 ஆக இருந்தாலும் அந்தக் கடன் நமக்கு எட்டாது. இது முதல் பதில்.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. மாதம் 24,000 கட்டக்கூடிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். கண்டியில் உத்தியோகம் பார்ப்பவர் என்று வைப்போம். வட்டி 28 ஆக இருந்தபோது அந்தக் காசுக்கு வங்கி அவருக்கு 10 லட்சம்தான் கொடுத்திருக்கும். வட்டி 12க்கு இறங்கியதும் அதே 24,000க்கு 20 லட்சம் கொடுக்கிறது. அவர் சம்பளம் ஒரு சதம் கூடவில்லை, கையில் இருக்கும் தொகை மட்டும் இரண்டு மடங்கு. காணி விற்பவருக்கு இது தெரியாதா? தெரியும். விலையைக் கூட்டுகிறார். தேயிலையைப் போல அடுத்த கவ்வாத்துக்கு இன்னொரு பங்கு துளிர்த்து வர, காணி என்ன செடியா? இருக்கிற பேர்ச்சஸ்தான் இருக்கிறது. வட்டி குறைந்த பலனில் பெரும்பங்கு காணிக்காரர் கைக்குத்தான் போகிறது.

வட்டி ஏறியிருந்த நாட்களில் காசுள்ளவர்கள் சும்மா இருந்தார்களா? அவர்கள் திறைசேரி உண்டியல் வாங்கினார்கள். அரசாங்கம் அவர்களிடம் கடன் வாங்கி ஒரு வருடத்துக்கு 30 சதவீதத்துக்குக் கிட்ட வட்டி கொடுத்தது. அப்படி ஒரு கோடியைப் போட்டுப் போட்டு எடுத்தவருக்குக் காசு வேகமாகப் பெருகியது. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, தனியார் கையிலிருந்த அந்த உண்டியல்களை அரசாங்கம் தொடவில்லை. யாருடையதைத் தொட்டது? நமது ஊழியர் சேமலாப நிதியிடம் இருந்த முறிகளைத்தான். பழையதை வாங்கிக்கொண்டு, முதலில் 12 சதவீதம், பிறகு 9 சதவீதம் என்று புது முறிகளைக் கொடுத்தார்கள். நாம் கொழுந்து பறித்துச் சேர்த்த காசு அது. இதைச் சொல்லும்போது எங்களுக்குக் கோபம் வருகிறது. உங்களுக்கும் வர வேண்டும்.

உண்டியல் வட்டி இறங்கியதும் அந்தக் காசு வேறு இடம் தேடும். 2020இல் இருந்து 2025 தொடக்கம் வரை காரும் இறக்க முடியாமல் இருந்தது. அப்போது எங்கே போகும்? காணிக்குத்தான். ரூபாயும் சரிந்திருந்தது. 2022 மார்ச்சுக்கு முன் டொலர் 200 ரூபாயைச் சுற்றி நின்றது. மே மாதம் 360. வெளிநாட்டில் உழைப்பவருக்கு இங்குள்ள காணி திடீரென்று மலிவாகிவிட்டது. 2014ஆம் ஆண்டின் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணியைச் சொந்தமாக விற்பதைத் தடுக்கிறது, அது நல்லது. ஆனால் வெளிநாட்டில் வாழும் இலங்கையருக்கோ கொழும்பிலிருந்து விடுமுறை பங்களா தேடி வருபவருக்கோ தடை இல்லை. பேராதனையில் இருந்து இங்கே வரும் பாதையில் மரத்துக்கு மரம் அடித்திருக்கிற "காணி விற்பனைக்கு" பலகைகளைப் பார்த்துக்கொண்டுதான் நீங்கள் பஸ்ஸில் வருகிறீர்கள். அவற்றில் எத்தனையை நம் ஆள் ஒருவர் வாங்கினார்?

வாங்கப் போன ஒரு குடும்பத்தை எங்களுக்குத் தெரியும். நமது அங்கத்தவர். மகள் மூன்று வருடம் சவூதியில் வீட்டு வேலை, மகன் கொழும்பில் கடையில். கடைத்தெருவுக்குக் கிட்ட 8 பேர்ச்சஸ் பேசி வைத்திருந்தார்கள். மீதிக் காசுக்கு ஒரு வங்கிக்குப் போனார்கள். "இப்போது இருக்கும் வீட்டின் உறுதி இருக்கிறதா?" என்று கேட்டார்களாம். லயத்துக்கு ஏது உறுதி? நகையை அடகு வைத்துப் புரட்டிக்கொண்டு திரும்பிப் போவதற்குள் வேறொருவர் கைக்காசோடு வந்து முடித்துவிட்டார். யாரும் மோசடி செய்யவில்லை. எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. அந்தக் குடும்பம் இன்னும் அதே காம்பிராவில் இருக்கிறது.

உறுதி இல்லை என்பதுதான் நம்முடைய நோயின் வேர். உறுதி உள்ளவருக்கு வட்டி இறங்கினால் லாபம். உறுதி இல்லாதவருக்கு மத்திய வங்கியின் வட்டி என்பது அடுத்த நாட்டுச் செய்தி மாதிரி. நமக்கு வட்டி என்றால் அடகுக்கடை, சீட்டு, வாரா வாரம் வாசலுக்கு வரும் நுண்கடன் ஆள். பெண்கள் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு நுண்கடனுக்கு 35 சதவீதம் என்று மேல் எல்லை போட வேண்டிவந்தது. 35 என்பது எல்லையாம்! 28ஐக் கண்டு நாட்டின் கம்பனிகள் எல்லாம் அலறிய காலத்தை இப்போதுதான் சொன்னோம். சேமலாப நிதியில் 30 சதவீதத்தை வீட்டுக்காக முன்கூட்டியே எடுக்க வழி இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. 10 வருடச் சேவையும் 3 லட்சம் மீதியும் வேண்டும். வீடு கட்ட என்று போனால் அங்கேயும் காணிப் பத்திரம் கேட்கிறார்கள்.

இது புதுக்கதை அல்ல. இங்கிருந்து தெல்தோட்டைக்கு மேலே ஏறினால் லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட இடம். சுற்றுலாப் பயணிகளுக்கு அவர் உட்கார்ந்த கல்லைக் காட்டுகிறார்கள். அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியவர்கள் எங்கே படுத்தார்கள் என்று காட்டுவதற்கு இடம் தேட வேண்டியதில்லை, லயம் இன்னும் நிற்கிறது. அந்தக் காலத்தில் கோப்பித் தோட்டங்கள் எல்லாம் கடனில் ஓடின. இலைநோய் வந்து கோப்பி அழிந்தது, கடன் திரும்பவில்லை, 1884இல் ஓரியன்டல் வங்கி விழுந்தது. தோட்டங்கள் கைமாறி, பிறகு லண்டன் கம்பனிகளிடம் சேர்ந்தன. தோட்டத்தோடு லயமும் விற்கப்பட்டது, லயத்தோடு ஆளும். நம் பாட்டன்மாருக்கோ தனிக் கடன் இருந்தது. கங்காணியிடம் பட்ட கடன் தீரும்வரை தோட்டம் மாற முடியாது. கடனை எழுதிய "துண்டு" கையில் வேண்டும். அந்தத் துண்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள்.

பிறகு 1972, 1975 காணிச் சீர்திருத்தம். தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது, நமக்கு வரவில்லை. 7,000 ஏக்கரை வெளியாருக்குப் பிரிக்கக் கூடாது என்று எழுந்தபோது 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டார். அவர் பெயரை இந்தக் கூட்டத்தில் சொல்லாமல் காணியைப் பற்றிப் பேச முடியாது. 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள், சில வருடங்களில் பெரும்பங்குகளை முதலீட்டாளர்களுக்கு விற்றார்கள். குத்தகை 2045 வரைக்கும். கண்டிப் பக்கத்தில் பல தோட்டங்கள் இன்னும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, எல்கடுவ என்று அரசாங்கத்தின் கையில்தான். கம்பனிகளின் ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள்: தோட்டத்தின் குத்தகை உரிமையை ஈடு வைத்து வங்கியில் கடன் எடுத்திருப்பதாக எழுதியிருக்கும். குத்தகைக்காரர் நம் காணியை ஈடு வைக்கலாம். ஐந்து தலைமுறை வாழ்ந்தவர் வைக்க முடியாது. இதைப் புரிய வைக்க எங்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

வீடமைப்புத் திட்டங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. தொண்ணூறுகளில் கூட்டுறவுச் சங்கம் மூலம் கடன் கொடுத்து, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். கட்டி முடித்தும் உறுதி வராத வீடுகளில் நம் அங்கத்தவர்கள் இருக்கிறார்கள். 7 பேர்ச்சஸில் தனி வீடு என்பது 2015க்குப் பிறகு வந்தது. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி இன்னும் 10,000 என்று அறிவித்தார். அதில் முதல் 1,300க்கு அடிக்கல் நட்டது 2024 பெப்ரவரியில். இடையில் ஏழு வருடம். ஆயிரம் சொச்சத்துக்கு விற்ற சீமெந்து மூட்டை 2022இல் மூவாயிரத்தைத் தொட்டது. ஒரு வீட்டுக்கான தொகையை 28 லட்சமாகக் கூட்ட வேண்டிவந்தது. தாமதத்துக்கும் வட்டி உண்டு தோழர்களே, அதை லயத்தில் இருப்பவர்தான் கட்டுகிறார்.

இனி நமக்குள்ளேயே தீராத ஒரு விவாதம். கொடுக்கிற உறுதி எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்? வாலிபர்கள் சொல்கிறார்கள்: நிபந்தனை இல்லாத உறுதி வேண்டும், விற்கவும் ஈடு வைக்கவும் முடியாதது உறுதியே அல்ல. மூத்தவர்கள் சொல்கிறார்கள்: அப்படிக் கொடுத்தால் பத்தே வருடத்தில் பாதி வீடு விடுமுறை பங்களாவாகிவிடும், நல்ல காட்சி தெரியும் மேட்டு லயம்தான் முதலில் போகும். இரண்டு பக்கத்திலும் உண்மை இருக்கிறது. ஐம்பதுகளில் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது தெருவுக்கு வந்தவர்கள் நம் ஆட்கள்தான். அதனால்தான் 1958இல் துண்டாடலைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. மறுபக்கம், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் கிராமத்தவருக்குக் கொடுத்த அளிப்புகளைப் பாருங்கள்: விற்க, ஈடு வைக்க ஆயிரம் கட்டுப்பாடு. அந்தக் கட்டை அவிழ்ப்பதற்கென்றே 2024இல் "உறுமய" திட்டம் கொண்டுவந்தார்கள். ஊருக்கு அவிழ்க்கும் கட்டை நமக்குப் புதிதாகப் போடுவதை நாம் ஏற்க மாட்டோம்.

நிர்வாகக் குழு பேசி எடுத்திருக்கிற நிலைப்பாடு இதுதான். உறுதி முழு உறுதியாக இருக்க வேண்டும். வங்கி ஏற்க வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட வேண்டும். விற்பனைக்கு ஒரேயொரு நிபந்தனை: முதலில் அதே தோட்டத்துக் குடும்பம் ஒன்றுக்கு வாங்கும் வாய்ப்பு, குறிப்பிட்ட காலத்துக்கு. அதற்குள் யாரும் முன்வரவில்லை என்றால் அவர் விருப்பம். இதை நீங்கள் ஏற்கத்தான் வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் பேசி எழுதி அனுப்புங்கள். நிர்வாகக் குழுவிலேயே இரண்டு பேர் எதிர்த்தார்கள், அவர்கள் சொன்னதையும் இதே இதழில் போடுவோம்.

ஒரு எச்சரிக்கை. வட்டி இறங்கிய நேரம் கடன்காரர்கள் தோட்டத்துக்குள் வருவார்கள், வரத் தொடங்கிவிட்டார்கள். வீட்டுக்கடன் என்று சொல்லி நீட்டும் தாளில் வட்டி நிலையானதா, மாறக்கூடியதா என்று கேளுங்கள். மாறும் வட்டி என்றால் 12 என்று தொடங்கி 28இல் நிற்கலாம் என்பதை 2022இல் பார்த்தோம். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் கையெழுத்துப் போடாமல் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

கடைசியாக வேலை. ஒவ்வொரு தோட்டத்திலும் லயத்துக்கு லயம் போய் எழுத வேண்டும்: வீட்டுக்கடன் எப்போது எடுத்தார்கள், எவ்வளவு பிடித்தார்கள், கடைசியாகப் பிடித்த மாதம் எது, கையில் என்ன கடிதம் இருக்கிறது. பழைய சம்பளச் சீட்டுகளைத் தகரப்பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பது அம்மாமார்தான். அவர்களிடம் கேளுங்கள், ஆண்களிடம் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். மூலப்பிரதியை யாரிடமும் கொடுக்க வேண்டாம், நமக்கும் வேண்டாம், பிரதி போதும். கடன் கட்டி முடித்தும் உறுதி கிடைக்காதவர்களின் பெயர்ப்பட்டியலைத்தான் முதலில் பிரதேச செயலகத்துக்கும் அமைச்சுக்கும் கொண்டுபோகப் போகிறோம். படிவங்கள் வாசலில் தங்கச்சிமாரிடம் இருக்கின்றன. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெல்தோட்டையில் திருப்பி வாங்குவோம். தேத்தண்ணி இருக்கிறது, குடித்துவிட்டுப் போங்கள்.